வலப்பக்க விளக்கு

ஹால்ட்மனை விற்கப் போகிறார்களாம்.
கொரியாக்காரன் வாங்குவான் என்கிறான் ரவூஃப்.
சீனாக்காரன் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு
ஃபாக்டரியை அம்போவென்று விடுவான் என்கிறார்
எதிர்க்கடை நாகபூஷண ராவ்.
பந்தயம் இரண்டு மசால்தோசை.

நான் வாய் திறக்கவில்லை.
பரணில் நானூற்றுப் பன்னிரண்டு பின்விளக்குகள்,
ஹால்ட்மன் செடானுக்கு, வலப்பக்கம் மட்டும்.
இந்த ஊர் ஆட்டோக்கள் இடப்பக்கமே உரசுகின்றன;
இடது எப்போதோ தீர்ந்துவிட்டது.

கம்பெனி பிழைத்தால் புது மாடல் வரும்,
என் பரணில் இருப்பது வெறும் சிவப்புப் பிளாஸ்டிக்.
செத்தால்
பழைய வண்டிக்காரன் ஜே.சி. ரோடெல்லாம் அலைந்து
கடைசியில் இங்கே வருவான்,
சொன்ன விலை கொடுப்பான்.
மூன்று மாதமாய் ஒரு சாவுக்குக் காத்திருக்கிறேன்
தினமும் கல்லாவுக்கு ஊதுபத்தி காட்டியபடி.

நேற்று மழையில் ஒரு பெண் வந்தாள்.
டாக்சி ஓட்டுகிறாளாம், பேர் செலின்.
வலது விளக்கு வேண்டும்.
"கம்பெனிய மூடுறாங்களாமே அண்ணா?
எனக்கு இன்னும் முப்பத்தொரு தவணை இருக்கு,
அதையும் சேத்து மூடுவாங்களா?"

ரவூஃப் சிரித்துவிட்டான்.
எழுநூறு என்று சொல்ல எடுத்த வாய்
ஆயிரத்து நூறு என்றது.
அவள் பேரம் பேசவில்லை.
ஈர நோட்டுகளைப் பிரித்துப் பிரித்து வைத்தாள்.

நானூற்றுப் பதினொன்று.

டவுன்ஹால் சிக்னலில் பிரேக் மிதித்தாள்.
இடது வெளிறிப்போய்,
வலது மட்டும் புத்தம் புதிதாய் எரிய,
அந்தச் சிவப்பு
நனைந்த ரோட்டில் நீண்டு
என் கடைப் படிவரை வந்தது.