விரல் எடுக்கும் வரை

க்னோப் என்றால் சட்டையில் இருப்பது.
க்னொப் என்றால் திரையில் இருப்பது.
எங்கள் மொழியில் ஓர் ஓகாரம் குறுகினால்
துணி இயந்திரமாகிவிடும்.
நான் குறிலில் பிழைப்பவள்.
லேவார்டனில், மூன்றாம் மாடியில்,
கால்வாய்ப் பாலங்களைத் தொலைவிலிருந்து தூக்கும்
மென்பொருளுக்குப் பொத்தான் செய்கிறேன்.

கணினியே ஒரு பொத்தான் தருகிறது, இலவசமாக.
சாம்பல் நிறம். யாருக்கும் பிடிக்காது.
மாகாண அலுவலகத்துக்கு நீலம் வேண்டும்,
மூலைகள் ஆறு பிக்சல் வளைய வேண்டும்.
"போன நூற்றாண்டு போல இருக்கக் கூடாது" என்றாள் ஹில்கே.
சரி என்றேன்.
வெற்றுச் செவ்வகம் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

வெற்றுச் செவ்வகத்துக்கு ஒரு மண்ணும் தெரியாது.
மவுஸ் மேலே வந்தால் வெளுக்கத் தெரியாது,
அழுத்தினால் தாழத் தெரியாது,
முடக்கி வைத்தால் வாடி நிற்கத் தெரியாது.
டேப் விசையைத் தட்டித் தட்டி
இருட்டில் தடவுவது போல் வருகிறவருக்கு
இங்கேதான் இருக்கிறேன் என்று
தன்னைச் சுற்றி ஒரு கோடு போட்டுக்கொள்ளத் தெரியாது.
நவம்பர் முழுக்க எழுதினேன்.
நிழலுக்கு மட்டும் நான்கு நாள்.
ஒன்றரை மடங்கு பெருக்கிய திரையில் விளிம்பு கலங்கிற்று,
அதற்கு ஒரு ஞாயிறு போனது.

அழகாய் இருந்தது.
நடந்ததற்குப் பிறகும் சொல்வேன், அழகாய் இருந்தது.

ஜனவரியில் விப்ரென் அழைத்தார்.
பன்னிரண்டு பாலங்கள், மூன்று திரைகள், ஒரு தெர்மாஸ்
இவற்றோடு இரவுகளைக் கழிப்பவர்.
கத்தவில்லை.
"தடுப்பை இறக்க அழுத்தினேன்.
அழுத்தின கையோடு கேமராவில் ஒருவன்,
சைக்கிளில், தோளில் ஏணி,
எதிர்காற்றுக்குத் தலையைக் குனிந்தபடி.
நான் விரலை எடுக்கவில்லை.
மவுஸை அப்படியே வெளியே இழுத்துப் போய்
காலியிடத்தில் விட்டேன்.
நான் பார்த்த எல்லாப் பொத்தானுக்கும் அது புரியும்.
உங்களுடையது
நான் விடுவதற்குள்ளேயே இறக்கிவிட்டது."

தடுப்பு ஏணியின் வால்முனையைத் தட்டியிருக்கிறது.
ஆள் விழவில்லை.
மேசையில் திருகாணி போட்டு இறுக்கிய சிவப்புக் குமிழை,
நிஜமானதை,
உள்ளங்கையால் அறைந்து நிறுத்தியிருக்கிறார்.
சைக்கிள்காரன் கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னானாம்.
ஒலி வராத கேமரா.
"நல்லதாய்ப் போயிற்று" என்றார்.

திறந்து பார்த்தேன். ஒரே வரி.
அழுத்தியதும் செய்.
வேகமாய்த் தோன்றட்டும் என்று
நான்தான் எழுதியிருந்தேன்.

அந்தச் சாம்பல் பொத்தானை எடுத்தேன், யாருக்கும் பிடிக்காததை.
அழுத்தினேன். பிடித்தபடியே வெளியே நகர்ந்தேன்.
நிமிர்ந்துகொண்டது.
உள்ளே வந்தேன். தாழ்ந்தது.
மறுபடி வெளியே.
மறுபடி உள்ளே.
ஏன் என்று கேட்கவில்லை.
யாரோ ஒருவர், எந்த ஊரோ, என்ன பெயரோ,
அழுத்திய பிறகும் மனிதருக்கு மனம் மாறும் என்பதை
எப்போதோ கணக்கில் எடுத்து
அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல்
சாம்பல் பூசிவிட்டுப் போயிருக்கிறார்.

அழுத்தும்போது நினைவில் மட்டும் வை.
விடும்போது பார்: விரல் இன்னும் உள்ளேயா?
அப்படியானால் செய்.
வெளியே என்றால் ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காமல் இருக்கப்
பதினேழு வரி ஆயிற்று.

வியாழன் காலை நானும் என் திரையில் அதே பாலத்தைத் திறந்தேன்.
தொலைபேசியில் விப்ரெனின் மூச்சு.
அழுத்தினார். இழுத்தார். விட்டார்.
பாலம் கிடந்தது. காற்றில் ஒரு விளக்குக் கம்பம் ஆடியது.
"ஏதாவது தெரிகிறதா?"
"ஒன்றும் தெரியவில்லை."
"அதுதான்" என்றார்.
அப்புறம், வைக்கப்போகும் நேரத்தில்:
"நீலம் மட்டும் கொஞ்சம் கண்ணைக் குத்துகிறது."