மை ஏறாத வட்டம்

இரவு இரண்டேகாலுக்கு வந்தது
பன்னிரண்டாம் வாட்டிலிருந்து ஒரு சின்னப் போத்தல்.
முள்ளந்தண்டு நீர், மூன்று மில்லி.
பீறிட்டு வந்ததாம். டொக்டர் ஹிமாலி
படிவத்தின் ஓரத்தில் அதை எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டிருந்தா.

பெயர் பிலவேந்திரன். வயது நாற்பத்தேழு.
நாட்டாமை வேலை, நாலாம் குறுக்குத் தெரு.
ஒரு மாதத் தலையிடி.
அதற்கு முதல் மூட்டு நோவுக்கென்று
கடையில் கேட்டு வாங்கிய குளிசை
ஒன்றரை வருடம்.

ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டு இந்திய மை.
நுணுக்குக்காட்டிக்குள்
புறக்கோட்டையில் கரண்ட் போன இரவு.
அதில் அங்கங்கே, மை நுழைய முடியாத வட்டங்கள்.
நடுவில் ஒரு மொட்டு,
மொட்டின் தோளில் இன்னொரு மொட்டு.
இதைப் பார்ப்பதென்பது
மை எங்கே இல்லை என்று பார்ப்பதுதான்.

கிட்டங்கி முகட்டில் புறாக்கள்.
எச்சம் காய்ந்து மாவாகி
மூட்டை இறக்கும்போதெல்லாம் எழும்பும்.
எல்லோரும்தான் இழுத்தார்கள் அதை:
முதலாளி, கணக்கப்பிள்ளை,
தேத்தண்ணி கொண்டுவரும் பெடியன்.
அவர்களுக்கு ஒரு தும்மலோடு சரி.
இவனுக்குள் குளிசை
காவலைத் தூங்கவைத்திருந்தது.

வந்தது போர்த்தியிருப்பது சீனி.
சங்கிலி சங்கிலியாய்க் கோத்த, வழுக்கும் சீனி.
முப்பது வருடம் சீனி மூட்டை சுமந்தவனின் நெஞ்சுக்குள்
சீனி சுமந்துகொண்டு இறங்கியிருக்கிறது ஒன்று.

வெண்குழியம் தொட்டுப் பார்க்கும். பிடி கிடைக்காது.
கிடைத்து விழுங்கினாலும்
வயிற்றுக்குள் கிடந்து குட்டி போடும்.
சிலவேளை விழுங்கியவனே கக்கிவிடுவான்,
இருவருக்கும் காயமில்லை.
சிலவேளை சுமந்துகொண்டே
மூளையின் வாசல்வரை போய்
உள்ளேயும் போவான்.

தொண்ணூற்றெட்டில் ஆமர் வீதிச் சந்தியில்
அடையாள அட்டையோடு மழையில் நின்ற எனக்கு
வாய்க்கவில்லை இது,
காவல்காரனின் ஜீப்பிலேயே ஏறித்
தடையைத் தாண்டுவது.
வெட்கம்தான். ஒரு கணம் மெச்சினேன்.

மேலே அழைத்துச் சொன்னேன்.
மருந்து ஏறும்போது உடம்பு தூக்கிப் போடும்,
நடுக்கம் கட்டிலின் சில்லுவரை கேட்கும்.
பங்கசின் தோலில் ஓட்டை போடும் மருந்து
அவனுடைய சிறுநீரகத்தையும் கொஞ்சம் கேட்கும்.

வாசலில் அவன் மனைவி ரெஜினா.
"என்ன பூச்சி ஐயா?"
பூச்சியில்லை, பங்கசு.
"பாணில் பூக்குமே, அதா?"
ஓம் என்றேன். அதன் தூரத்துச் சொந்தம்.
பாணை எறியலாம் என்று அவள் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு ஏசிப் பெட்டியின் மேல் ஒரு புறா
கழுத்தை உப்பி யாரையோ கூப்பிட்டது.
யன்னலைச் சாத்தினேன்.
அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன்.
பிறகு, வேறு வழியில்லை,
இழுத்தேன்.