ஒப்புக்குச் சப்பாணி

வெள்ளகோவில் சாலையிலிருந்து பிரிந்தால்
மூன்றாவது கொப்பரைக் களம்.
உச்சி வெயில். மொபெட்டில் என் கால்களுக்கு நடுவே
நீல ஐஸ் பெட்டி. அதற்குள் எட்டுக் குழாய்களில்
எட்டுப் பேர் குளிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை,
கல் அடைப்பும் இல்லை.
இருந்தும் இந்தப் பக்கத்து ஆண்களுக்குச்
சிறுநீரகம் ஏன் சுருங்குகிறது?
வெயிலா, போர்த் தண்ணீரின் உப்பா,
இடுப்பு வலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கி
வெறும் வயிற்றில் போடும் மாத்திரையா?
இந்தக் கேள்விக்கு நூற்றிருபது நோயாளிகள் வேண்டும்.
அதே ஊர், அதே வயது, அதே வேலை,
நோயில்லாத நூற்றிருபது பேரும் வேண்டும்.

நோயாளிகள் கிடைத்துவிடுகிறார்கள்.

வாரம் இருமுறை டயாலிசிஸ் போகும் சென்னியப்பனுக்கு
ஜோடியாக மாரப்பனைப் பிடித்தேன்.
நாற்பத்தேழு வயது. உடைத்த தேங்காய்களின் நடுவே
அரிவாளோடு நிமிர்ந்தார்.

"எனக்கொண்ணும் இல்லீங்களே."
அதனாலதாங்க நீங்க வேணும்.
"அப்ப நான் ஒப்புக்குச் சப்பாணிங்களா?"
களமே சிரித்தது. நானும்.

முழங்கையின் உள்பக்கம் நரம்பு
தோப்பில் போட்ட சொட்டுநீர்க் குழாய்போல
மேலாகவே ஓடியது. ஒரே குத்து.
பிறகு படிவம், பதினோரு பக்கம்.
ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு தண்ணீர்?
"எண்ணிக் குடிக்க அதென்னங்க, சாராயமா?"
அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை.
'தெரியாது' என்பதில் டிக் அடித்தேன்.

கிளம்பும்போது ஒரு மூடியை எடுத்துக் காட்டினார்:
நாலு நாள் காய்ந்தால் பருப்பு
தானாகவே ஓட்டை விட்டுக் கழன்றுவிடுமாம்.
சத்தம் வருங்களா, என்றேன்.
"ஏனுங்க வருது? அதும்பாட்டுக்குக் கழலும்."

ஒன்பதாம் நாள் கோவை ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது.
எண் ஒ-61. கிரியேட்டினின் மூன்று புள்ளி நான்கு.
குழாய் மாறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
மாறியிருந்தால் என் வேலை போயிருக்கும்.
போகட்டும்.
மறுபடி எடுத்தோம். மூன்று புள்ளி ஐந்து.

கணினியில் ஓர் ஆளை அந்தப் பத்தியிலிருந்து நீக்கி
இந்தப் பத்தியில் சேர்க்க
நான்கு முறை சொடுக்கினால் போதும்.
'முப்பதாம் தேதிக்குள் மாற்று ஆள் தேவை' என்று
மேலிடத்திலிருந்து மடல்.
இது ஏழாவது மாற்று.
நோயில்லாதவர் என்று நாங்களே தலைப்பிட்ட பக்கத்தில்
ஏழு பேர்.
யாரோடு யாரை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று
அன்றிரவு பெருந்துறை விடுதியில்
தோசைக்குக் காத்திருந்தபோது யோசித்தேன்.
தோசை வந்தது. சாப்பிட்டேன்.

மறுநாள் லோடு லாரியின் நிழலுக்கு
அவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன்.
எந்த மருத்துவர், எந்தக் கிழமை,
எந்த மாத்திரையை இனித் தொடவே கூடாது.
வலிக்கலையே, என்றார்.
வலிக்காதுங்க.
அரிவாளின் முனையில் ஒட்டியிருந்த நாரை
நகத்தால் ரொம்ப நேரம் சுரண்டினார்.

"அப்ப சென்னியப்பனுக்கு ஜோடி?"

நான் பதில் சொல்வதற்குள் திரும்பி
களத்தின் அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்தார்.
"ராக்கியப்பன்னு இருக்கானுங்க. என்ற வயசு.
ஆளு கருங்கல்லு."

கருங்கல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தது.
சட்டையில்லாத முதுகில் உப்பு
வரைபடம்போலக் காய்ந்திருந்தது.
எனக்கொண்ணும் இல்லீங்களே, என்று சிரித்தது.

நான் ஊசியின் உறையைக் கழற்றவில்லை.
மாரப்பன் போய்ப் பானையில் மோந்து
சொம்பை அவன் கையில் திணித்தார்.
அவன் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்து
என் படிவத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணு. எழுதிக்குங்க."