இரண்டாம் நாள், மூன்றாம் குழு

பல்லாரட்டில் ஜூலைக் குளிர்.
கழுத்து அட்டையில் என்னை
இரண்டாய்ப் பிளந்திருந்தார்கள்:
எப்சி என் பெயராம்,
பா குடும்பப் பெயராம்.

"துயரத்தில் மாணவரோடு: ஏழு படிகள்."
திரையில் ஆறாம் படி.
பின்னால் வெந்நீர்க் கொதிகலன்
முனகிக்கொண்டே இருந்தது.

மில்டுரா பள்ளியின் குருவானவர்
கையுயர்த்தாமல் பேசினார்:
"அண்ணனை அடக்கம் பண்ணின மறுவாரம்
ஒரு பையன் என் அறைக்கு வந்தான்.
வேதத்தை எடுத்தேன், திறக்கவில்லை.
அவன் சைக்கிளில் சங்கிலி கழன்றிருந்தது.
இரண்டு பேருமாய் மாட்டினோம்.
விரலெல்லாம் கிரீஸ்.
போகும்போது சொன்னான்,
'நாளைக்கும் கழலும், ஃபாதர்.'"

ஏழாம் படி என்னவென்று
யாரும் கேட்கவில்லை.

நான் கணக்கு டீச்சர்.
பத்தாம் வகுப்பில், ஜன்னலோரம், ஒருத்தி
ஒரு மாதமாய் விடைத்தாளில்
பெயரை மட்டும் எழுதித் தருகிறாள்.
அம்மா போனதிலிருந்து.
நானும் பூஜ்யத்தை
நன்றாக வட்டமாய்ப் போட்டுத்
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தேநீர் இடைவேளை.
அட்டையை உறையிலிருந்து உருவி
எப்சிக்கும் பாவுக்கும் நடுவே
பேனாவால் ஒரு கோடு இழுத்துச் சேர்த்தேன்.
கோணல்தான்.

திங்கட்கிழமை
அவள் பெயருக்கு
அரை மதிப்பெண்ணாவது போட வேண்டும்.
சிவப்பு மை வேண்டாம்.