ஏர் எடுத்தல்

தடைக்காலம் முடிந்த மறுநாளே
ஹெல்ப்பர் சேசுராஜ் கடலுக்குப் போய்விட்டான்.
ஸ்பேனர் பிடிக்கிற கை வலையும் பிடிக்கும்,
அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
அன்றைக்குப் பார்த்துத்தான் கீழக்கரையிலிருந்து போன்:
வண்டி ஸ்டார்ட் ஆகுது, நகர மாட்டேங்குது.

பதினொரு மாதம்.
தம்மாமுக்குக் கிளம்பிய அன்று
ஹேண்ட் பிரேக்கை மேலே மட்டும் இழுத்துவிட்டு
ஏறிப் போயிருக்கிறார் வீட்டுக்காரர்.
தார்ப்பாய் போர்த்தி, நாலு மூலையிலும் செங்கல் கட்டி,
ஜுமாவுக்கு ஜுமா ஸ்டார்ட் பண்ணச் சொல்லி.
சொன்னது தவறவில்லை ரிஸ்மியா.
எஞ்சின் பூனை மாதிரி உறுமுகிறது.
ஆனால் காம்பவுண்டுக்கும் கடலுக்கும் நடுவே
ஒரேயொரு வலைக்கொட்டில்.
உப்புக்குச் சாவி வேண்டாம்.

பழைய ஆல்ட்டோ.
பின்சக்கரம் கழன்றது, டிரம் வரவில்லை.
முகத்தில் இரண்டு ஓட்டை இருக்கும், எட்டாம் நம்பர் போல்ட்டுக்கு.
அது தெரியாமல் சுத்தியலால் அடித்து
டிரம்மை உடைத்தவர்கள் உண்டு
(நானும்தான், பரமக்குடியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில்).
இரண்டையும் அரை அரைச் சுற்றாய் மாற்றி மாற்றி முறுக்க
பாறையிலிருந்து சிப்பி பெயர்வது போல்
'டக்'.

உள்ளே தேரி மண் நிறத்தில் துரு.
லைனிங் ஷூவை விட்டுவிட்டு
டிரம்மோடு ஒட்டிக் கிடந்தது.
அந்தத் தூளை வாயால் ஊதக் கூடாது,
தெரிந்தும் குனிந்தேன்.
"மூச்சுல போயிரும்"
சொம்புத் தண்ணீரை நீட்டினார் ரிஸ்மியா.

ஆயில் கருப்பட்டிக் காப்பி.
காற்றின் ஈரத்தைக் குடிக்கிற ஜாதி அது,
குடித்ததை வெளியே காட்டிக்கொள்ளாது,
இறக்கத்தில் காலை வைக்கும்போதுதான் தெரியும்.

மாற்றியாயிற்று. இனி ஏர் எடுக்கணும்.
அதற்கு ரெண்டு பேர் வேண்டும்.
வாசலைப் பார்த்தார். கேட்டைச் சாத்தினார்.
செருப்பைக் கழற்றிவிட்டு
டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.
"இந்தப் பக்கம் உட்கார்றது இதுதான் மொதத் தடவ.
ஸ்டார்ட் பண்றதுகூட வெளிய நின்னு, கைய விட்டுத்தான்."

தூரத்துச் சக்கரம் முதலில்.
நிப்பிளில் டியூப், டியூப் முனை பாட்டிலில்,
மணலில் மல்லாந்து நான்.

மிதிங்க.
மிதிச்சிட்டேன்.
இன்னொருக்க. இன்னொருக்க. அப்படியே பிடிங்க.
பிடிச்சிருக்கேன்.
யா அல்லா, உள்ள போகுது!
போகட்டும். கால எடுத்துராதீங்க.
குமிழ் குமிழாய் வந்தது,
எந்த மாதத்துக் காற்றோ.
இறுக்கிட்டேன். இப்ப எடுங்க.

மூன்றாம் சக்கரத்தில் நான் கேட்பதற்கு முன்பே
"பிடிச்சாச்சு, தொறங்க."
நாலாவது முடிந்து ஒருமுறை அழுத்திப் பார்த்து
"நமுத்த முறுக்கு மாதிரி இருந்துச்சு,
இப்ப கல்லு" என்றார்.
அதைவிடச் சரியாக எனக்கும் சொல்ல வராது.

காம்பவுண்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம்.
ஓட்டினது அவர்.
முன்னே பத்தடி, பின்னே பத்தடி,
அப்புறம் இன்னொரு பத்தடி,
கிணற்றுச் சுவருக்கு ரெண்டு விரற்கடை முன்னால்
பிரேக்.
கிணறு என்னைப் பார்த்தது. நான் கிணற்றைப் பார்த்தேன்.

அந்நேரம் தம்மாமிலிருந்து அழைப்பு. ஸ்பீக்கரில்.
வண்டி என்னாச்சு?
"நிக்குது."
இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கா?
விடு, பெருநாளைக்கு வந்து நான் பாத்துக்கிறேன்.
மெக்கானிக்க அனுப்பிரு.
என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனர்களை எண்ணினேன்.
பதினான்கு. திரும்பவும் பதினான்கு.
"சரி" என்றார் போனில்.

பில் எழுதினேன்: ஷூ ஒரு செட், ஆயில், கூலி.
"ஹெல்ப்பர் கூலி கழிச்சீங்களா?"
கழித்தேன், முந்நூறு.
ஹேண்ட் பிரேக் இழுக்காதீங்க,
கியர்ல போட்டு ஒரு கல்ல வைங்க.

நான் கிளம்பும்போது தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்.
நாலு செங்கல்லில் ஒன்று மட்டும் சக்கரத்தடியில்,
மற்ற மூன்றும் சுவரோரம்.

என் டிவிஎஸ்ஸுக்குப் பின்பிரேக் போய் ஆறு மாதம்.
முக்கு ரோட்டில் ஆடு குறுக்கே வர
காலைத் தேய்த்துத்தான் நிறுத்தினேன்.