தோன்றா எழுவாய்

இருநூறு சொற்களுக்கு மிகாமல், என்றது கடிதம்.
சாதனைகள், முடிந்தால் புள்ளிவிவரங்களுடன்.
வெள்ளிக்கிழமைக்குள்.

விருது பெறுபவர் எங்கள் பதிவாளர்.
முப்பத்தோரு ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை
மூன்றாம் மாடி ஆவண அறையில் புரட்டினேன்.
ஏர்கான் பழுது. சன்னலுக்குக் கீழே
பந்தாய் பக்கம் போகும் சாலை
ஹார்ன் அடிக்காமல் நெரிசலில் நின்றது.

வருகைப் பட்டியலில் அவர் உண்டு, எப்போதும் கடைசி வரி:
லோகநாயகி சின்னப்பன், செயலாளர்.
அதற்குப் பிறகு இல்லவே இல்லை.
பக்கம் பக்கமாக
டிபுத்துஸ்கான், டிலுலுஸ்கான், டிமக்லும்கான்.
முடிவு செய்யப்பட்டது. ஏற்கப்பட்டது. அறிவிக்கப்பட்டது.
மலாய்க்கும் தமிழுக்கும் ஒரே வசதி,
யார் என்று சொல்லாமலே வாக்கியம் நடந்துவிடும்.
எஸ்.பி.எம். இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று எழுதினால்
இரண்டு மதிப்பெண்.
இது அதுவல்ல, செயப்பாட்டு வினை என்று
என் ஆசிரியை திருத்துவார்.
திருத்தட்டும்.

கீழே போய் ஆட்களைக் கேட்டேன்.

ஓட்டுநர் பாக் சம்சுரி சொன்னார்:
ஆறு கரை மீறியதற்கு முந்தின மாலை
வேனைக் கொண்டு வரச் சொன்னார்.
தரைத்தளத்தில் கிடந்த விடைத்தாள்கள்
பதினொரு தள்ளுவண்டி.
மேட்டில் இருக்கும் பழைய மண்டபத்துக்கு ஏற்றினோம்.
யார் உத்தரவு என்று கேட்டேன்.
மழையின் உத்தரவு, என்றார்.
பாரத்தில் அதை எழுத இடமில்லை, அதனால்
இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

பேராசிரியர் இயோ கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
நானும் மருத்துவப் புல முதல்வரும்
பேசாதிருந்த ஆண்டு அது.
இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லி
அவர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார்.
அறையில் இரண்டே நாற்காலி, ஒரு தட்டு குயே.
வேறு வழியில்லை, சாப்பிட்டோம்.
இதை எழுதாதே.

மறுபடி மூன்றாம் மாடி.
தவறான உறையில், தவறான ஆண்டில்
ஒரு கடிதம் கிடைத்தது:
கட்டண நிலுவை காரணமாக மாணவர் பதிவு நீக்கம்.
தட்டச்சு முடிந்து, முத்திரை விழுந்து,
கையெழுத்துக்கு மட்டும் காத்திருந்த தாள்.
மேலே குண்டூசியில் ஒரு துண்டு, பென்சிலில்,
பெலும் ஜும்பா.
கோப்பு இன்னும் கிடைக்கவில்லை.
பத்தொன்பது நாளைக்கு அதே சொல்,
தேதி மட்டும் மாறி மாறி.
இருபதாம் நாள் தெலுக் இந்தானில்
ஒருவர் தம் லாரியை விற்றுப் பணம் கட்டினார்.
எனக்கு அந்த லாரியைத் தெரியும்.
அதன் பின்கதவில் என் பெயர் இருந்தது.

இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?
நிதி மேலாண்மையிலா?
தணிக்கைக்காரர்கள் விருது விழாவுக்கும் வருவார்கள்.
துண்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
கடிதத்தை உறைக்குள் திருப்பினேன்.

வரைவை அவர் மேசையில் வைத்தபோது
பயந்தேன். அடித்து அடித்துச்
சுண்டைக்காயாக்கிவிடுவார் என்று
அலுவலகம் முழுக்கப் பேச்சு.
அவருக்குப் புகழ் பிடிக்காதாம்.
யாரும் அவரைக் கேட்டதில்லை.

இரண்டு நாள் வைத்திருந்தார்.
திரும்பி வந்த தாளில் ஒரே ஒரு பென்சில் கீறல்:
வெள்ளம் வந்தது வியாழன் அல்ல, புதன்.

மாலை லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்.
எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
இன்னொரு படி கிடைக்குமா, என்றார்,
கதவைப் பார்த்தபடியே.
இந்த மெல்லிசுத் தாளில் வேண்டாம்.
கொஞ்சம் நல்ல தாளில்.

மறுநாள் தடித்த தாள் வாங்கி அச்சிட்டேன்.
எல்லா வாக்கியத்தையும் அவர் பெயரில் தொடங்கியிருந்தேன்.
நடை உதைக்கிறது என்றார் என்சிக் சுல்ஹெல்மி.
எண்ணிப் பார்த்தார். இருநூற்று மூன்று.
மூன்று சொல் கூடுதல், குறைத்துவிடு.

குறைக்கவில்லை.
நான்தான் குறைக்கவில்லை.