வண்டல்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில்
எப்போதும் மார்கழி.
சித்திரை வெயில் கதவுக்கு வெளியே நிற்கும்.
இயந்திரம் ஒவ்வொரு சுற்றிலும்
இருப்பதை இரட்டிக்கும்;
எந்தச் சுற்றில் கிருமி கண்ணில் படுகிறதோ
அந்த எண்ணைத் திரையில் எழுதும்.
நிறைய இருந்தால் சீக்கிரம் அகப்படும்.
ஆக, சின்ன எண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
நானே மூன்று முறை தலைகீழாய்ப் படித்திருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை
நானூற்றுப் பன்னிரண்டாம் குழாய் என்னுடையது.
முகைதீன் திரையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.
பதினாறு.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒன்றுமில்லை.
சமாதானபுரத்தில் மினி பஸ் ஏறி
யாரோ ஒருத்தியின் பிள்ளையை வாங்கி
இடுப்பில் வைத்துக்கொண்டேன்.
மத்தியானம் சண்முகவடிவின் தூக்குவாளியில்
சொதியும் இஞ்சித் துவையலும்.
முகக்கவசத்தைக் கழற்றித்தானே சாப்பிட முடியும்.
மாமியார் நடப்பதை, தும்முவதை, பல் விளக்குவதை
அவள் நடித்துக் காட்டினாள்.
மூச்சு முட்டச் சிரித்தேன்.
ஆறு கரை புரண்ட நாள் அது.
தண்ணீர்தான் சத்தம் போடவில்லை.

வடிவுக்கு ஞாயிற்றுக்கிழமை.
மாமியாருக்கு அடுத்து வந்த புதன்.
அந்த மாமியாரைப் பற்றி
இனி நாங்கள் சிரிக்கப்போவதில்லை.

இருபது நாள் கழித்து வீட்டுக்காரர் சொன்னார்:
‘இல்லன்னு ஒரு தாளு கொண்டாங்கம்மா,
அப்பொறம் மாடி ஏறலாம்.’
எண் முப்பத்தாறு.
இருக்கிறது, என்றது தாள்.

இருக்கிறதுதான்.
வெள்ளம் வடிந்தபின் குறுக்குத்துறைக் கோயில் தூணில்
ஆளுயரத்துக்கு வண்டல் அப்பியிருக்குமே, அப்படி.
வண்டலில் யாரும் முங்கிச் செத்ததில்லை.
நடுவே இருபது சுற்று.
பத்து லட்சத்தில் ஒரு பங்கு,
அதுவும் பெரும்பாலும் உடைந்த துணுக்கு.
மூக்கைச் சரியாய்த் துழாவாவிட்டாலும் எண் கூடும், உண்மை.
அன்று துழாவியது முகைதீன்.
கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.
‘இருக்குன்னு போட்டிருக்குல்லா’ என்றார்,
தாளை நுனியில் பிடித்தபடி.
இதே மனுஷர் அந்தச் செவ்வாய்க்கிழமை
படியில் என்னை மறித்துக் கரண்ட் பில்லுக்காகப்
பத்து நிமிஷம் முகத்தோடு முகம் பேசினார்.
அவருக்கு வரவில்லை.
ஏன் என்று எந்த இயந்திரமும் சொல்லாது.

இப்போதெல்லாம் ராத்திரியில் ஃபோன் வருகிறது.
‘எத்தனக்கா?’ என்கிறார்கள்,
பரீட்சை மார்க் கேட்பதுபோல.
சொல்கிறேன்.
பெரிய எண் என்றால் அழுகிறார்கள்,
சின்ன எண் என்றால் பெருமூச்சு விடுகிறார்கள்.
திருத்துகிறேன்.
திருத்தி முடித்து, ஓய்ந்தபின் கேட்கிறேன்:
‘காய்ச்சல் வாரதுக்கு முந்தின நாளு
யார்கூட உக்காந்து சாப்ட்டிய?’